ஏழாவது வரி, இரண்டாம் கட்டம்

கால்வெஸ்டனில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது.
மரக்கால்களில் நிற்கிற வீடு,
புயல் வந்தால் தண்ணீர் அடியிலேயே போய்விடுமாம்.
பெரிய வாப்பா கப்பலுக்குப் பெயின்ட் அடித்து வாங்கியது,
எனக்கும் காக்காவுக்கும் பாதிப் பாதி.
காக்கா புருனேயில். நான் கீழக்கரையில்.
இருவருமே வீட்டைப் பார்த்ததில்லை.
பார்த்தவர்கள் விருந்தாளிகள்;
ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள்.

வாடகை வருகிறது.
வருகிற வழியில் நூற்றுக்கு முப்பது நின்றுவிடுகிறது.
வரி எண் இல்லாதவர் பணம் அப்படித்தான் நிற்கும் என்று
கம்பெனியிலிருந்து கடிதம், மிக மரியாதையாக.

ராமநாதபுரம் கேணிக்கரையில் ஒரு ஃபேக்ஸ் மெஷின்
ஜெராக்ஸுக்குப் பின்னால் துண்டு போர்த்திக் கிடந்தது.
கடைக்காரர் பூமிராஜன் தூசி தட்டினார்.
"பத்து வருசமாச்சும்மா, இது வாயத் தொறந்து."
படிவத்தில் விரல் வைத்தார்:
"நம்பர் கேக்குற எடத்துல இதென்ன வார்த்தை?"

ஏழாவது வரி, இரண்டாம் கட்டம்.
அமெரிக்கர் அங்கே ஒன்பது இலக்கம் எழுதுவார்.
நான் எழுத வேண்டியது: ஃபாரின்.

எங்கள் தெருவில் ஃபாரின் என்றால்
சென்ட்டு, கோடாலித் தைலம், பெட்டியைக் கட்டிய நைலான் கயிறு.
வாப்பா ஃபாரின். மாப்பிள்ளை ஃபாரின்.
ரேஷன் கார்டிலும் வோட்டர் லிஸ்ட்டிலும்
நான் ஒருத்திதான் உள்ளூர்.
வாசற்படி தாண்டாமலே நானும் ஆகிவிட்டேன்,
கறுப்பு மையில், பெரிய எழுத்தில்.
விசாவுக்கு மெட்ராஸ் போய் இரண்டு முறை
இல்லை என்று கேட்டுத் திரும்பியவள்.
வரி கட்ட வருகிறேன் என்றால்
இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

மெஷின் விசிலடித்தது. காகிதம் போனது.
நாலு வாரம், பதில் இல்லை.

அப்புறம்தான் போன்.
அங்கே காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள்,
இங்கே சாயங்காலம் நாலரை.
அசர் தொழுதுவிட்டு அழைத்தேன்.
ஒரு பியானோ வந்து உட்கார்ந்துகொண்டது.
பாறை மீனைக் கழுவி எடுத்தேன். பியானோ.
மகள் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். பியானோ.
கரண்ட் போனது, பியானோ போகவில்லை.
மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும்
போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு நின்றேன்.
மூன்றாவது ரக்அத்தில் தலையணை ஹலோ என்றது.
நான் ஸலாம் கொடுப்பதற்குள்
இன்னொரு ஹலோ, அப்புறம் டொய்ங்.
அன்றைக்கு துஆ கொஞ்சம் நீளம்.

மறுநாள் ஒரு பெண்.
பெயரில் பாதியும் பணி எண் முழுவதும் சொன்னாள்.
ஃபரீஹாவை எழுத்தெழுத்தாகக் கேட்டாள்.
எஃப் ஃபார் ஃபிஷ். ஏ ஃபார் ஆங்கர். ஆர் ஃபார் ரோப்.
இரண்டு ஈயும் ஈல் என்றேன், அவசரத்துக்கு வேறு வரவில்லை.
ஜிப் கோடு என்றாள். ஆறு இலக்கம் சொன்னேன்.
ஐந்துதானே இருக்கும் என்றாள்.
எங்கள் ஊரில் ஆறு.
கொஞ்ச நேரம் விசைகளின் சத்தம் மட்டும்,
அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

எழுதத் தயாரா என்றாள்.
பேனா மக்கர் செய்தது. சுர்மாக் குச்சிதான் கைக்கு வந்தது.
கரண்ட் பில்லின் முதுகில் ஒன்பது இலக்கம்,
மசமசவென்று.
திருப்பிச் சொன்னபோது ஒன்றையும் ஏழையும் மாற்றிவிட்டேன்,
திருத்தினாள், கோபமில்லாமல்.

காக்கா கேட்டார்: முடிஞ்சிருச்சா?
இனிமேதான் வருசா வருசம் கணக்கு எழுதணும் என்றேன்.
ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தூங்கப் போனார்.

இரவு பத்தரைக்கு அந்த வீட்டிலிருந்து செய்தி:
குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை.
மூடியைக் கழற்றித் தட்டுங்கள் என்று எழுதினேன்.
கொஞ்ச நேரத்தில் பதில்:
ஒரு கப் மணல்! அங்கிருந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

என் குளியலறை மூடி
இரண்டு நாளாகத் தட்டாமல் கிடந்தது.
எழுந்து போனேன்.