நிழல் விழாத மரம்

ஹப்புத்தளை பங்களாவுக்குத்
தென்னை வேணுமாம் செனவிரத்ன நோனாவுக்கு.
இந்தக் குளிருக்குக் காய் பிடிக்காது என்றேன்.
"காய் யாருக்கு? படத்துக்குத்தான்."

ராஜகமுகு? ஜூலைக் காற்று ஓலையை நாராய்க் கிழிக்கும்.
சீனப்பனை தாங்கும், குட்டை, வேலிக்குள் அடங்கும்.
கித்துள் என்றால் மீன்வால் இலை;
உச்சியில் தொடங்கிப் பூத்துப் பூத்துக்
கீழே இறங்கி
கடைசிக் குலையோடு சாகும்.

"எத்தனை வருஷம்?"
இருபது இருக்கும்.
"அதற்குள் விற்றுவிடுவோம்" என்று
மூன்று கித்துள் எழுதினாள்.

லயத்துக் கதவடியில்
பால்மா டின்னுக்குள் என் கமுகங்கன்று.
வேர் தகரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.
மண்ணில் வைக்கத் துரையிடம் கேட்கவேண்டும்.
என்ன மரம் என்றால்,
ஒல்லியானதுங்க,
நிழல்கூட விழாது
என்று சொல்வதாக இருக்கிறேன்.