பயனாளி பங்கு

நாலாம் மாடியில் கூட்டம் என்றார்கள்.
லிஃப்டில் ‘ஊழியர்களுக்கு மட்டும்’.
தேசம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு
படிக்கொரு வசவாக ஏறினாள்.
எழுபத்திரண்டு படி.
மனுவில் சேர்க்க முடியாத
எழுபத்திரண்டு வாக்கியம்.

என் உள்ளங்கையில் கன்னடம்,
தமிழ் எழுத்தில்:
நம் ஹத்ர அஷ்டு துட்டு இல்லா சார்.
குல்சார் பானு சொல்லிக்கொடுத்தது.
மேலே போய்ச் சேர்வதற்குள்
வியர்வையில் துட்டு அழிந்துவிட்டது,
‘இல்லா’ மட்டும் அப்படியே.

வீடு ஒன்றுக்கு எட்டு லட்சமாம்.
சர்க்கார் கொடுப்பது போக
பயனாளி பங்கு ஒன்றரை.
பங்கு என்றால் எங்களுக்குத் தெரிந்தது கறிக்கூறு.
அதில் எலும்பாவது வந்து சேரும்.

கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள்.
கான்ட்ராக்டர் கையில் திணிக்கும் நோட்டுக்கு
ஏது சீட்டு?
அந்த பேங்க் வாசலைப் பெருக்குவதே தேசம்மாதான்.
தினமும் ஐந்தரைக்கு,
உள்ளே யாரும் வருவதற்கு முன்னால்.

வருமானச் சான்றிதழுக்குப் போன யெல்லவ்வாவிடம்
இவ்வளவு கம்மியைக் கம்ப்யூட்டர் எடுக்காது,
கூட்டிப் போடட்டுமா என்றார்களாம்.
போடுங்க,
அப்படியே அதைச் சம்பளத்துலயும் போடுங்க
என்றிருக்கிறாள்.

அறைக்குள் கண்ணாடிப் பெட்டி.
அதற்குள் அட்டையில் நாங்கள் குடியேறப் போகும் கட்டடம்,
பஞ்சு மரங்கள்,
விரல் நக அளவு மனிதர்கள்.
ஒருவர் கையிலும் குடம் இல்லை.
பெயின்டர் ஆரோக்கியநாதன் குனிந்து
சதுர அடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பங்கு முழுவதையும் மானியமாக்குங்கள் என்று
மனுவைப் படித்தேன்.
அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்:
‘சும்மா கொடுத்தால் அக்கறை இருக்காதம்மா.
கைக்காசு போட்டால்தான்
வீடு நம்முடையது என்று தோன்றும்.’

தேசம்மா எழுந்தாள்.
மனப்பாடம் செய்த கன்னடம் எங்கோ போய்விட்டது.

‘முப்பத்தோரு வருசமா
ஒவ்வொரு மழைக்கும் ஒரு வண்டி இடிசல் வாங்கிக்
கொட்டிக் கொட்டித் தரையை ஏத்துறேன்.
சாக்கடை ஏறுது, நானும் ஏத்துறேன்.
நிமிர்ந்து நுழைஞ்ச வாசல்ல
இப்போ தவழ்ந்து போறேன்.
டேப்பு எடுத்துட்டு வாங்க சார்,
அக்கறை எத்தனை அடின்னு அளந்துக்கலாம்.’

யாரும் மொழிபெயர்க்கவில்லை.
அவருக்குத் தமிழ் தெரியும் என்பது
பேனா நின்றதில் தெரிந்தது.

ஃபைலில் எழுதினார்: பரிசீலிக்கலாம்.
அடுத்த மாதம், இரண்டாவது வியாழன்.

இறங்கும்போது வசவு இல்லை.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று
சுவரைத் தட்டிப் பார்த்து,
‘பூச்சு உள்ள பொள்ளலா இருக்குடி’ என்றாள்.
அவ்வளவுதான்.

நான் லிஃப்ட் பலகையைப் பார்த்துவைத்தேன்.
ஒரு நடைக்கு எட்டுப் பேர்.
வீட்டுக்கு ஒருவர் என்றாலும்
நாங்கள் நாற்பத்தொரு பேர்.
ஆறு நடை.
கடைசி நடையில் தேசம்மா மட்டும்,
காலை நீட்டிக்கொண்டு.