துறைமுகம் நிறுத்தம்

மொய்னாக்கில் பகல் ஒரு மணி.
தராவாவில் இரவு எட்டு.
ஸேலாந்தில் கிரீனாவுக்கு மட்டும் இன்னும் காலை;
ரொட்டியைத் தின்றபடியே திரைக்குள் வருகிறாள்.
மூவருக்கும் ஒரே வெள்ளைத் தாள்.
மேலே ஆசிரியர் தட்டிவைத்த வரி:
2090இல் உங்கள் ஊர். வரைக.

எங்கள் பள்ளிக்கு ஒரே கணினி.
அதன் விசைகளுக்கு இடையில் உப்பு.
வடக்கிலிருந்து காற்றடித்தால்
கடல் கிடந்த இடம் எழுந்துவந்து
ஜன்னலைத் தட்டும்.
"உங்கள் கடல் எங்கே போயிற்று, பீபிநாஸ்?"
தெபுவெரேயா கேட்டான்.
பருத்திக்குப் போயிற்று என்றேன்.
"எங்களிடம்தான் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.
முகவரி கொடு, திருப்பி அனுப்பிவைக்கிறேன்."
சிரித்தோம்.
அவன் பக்கம் ஒலி இரண்டு நொடி தாமதம்.
நாங்கள் முடித்த பிறகும்
அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கரை கரைவதைத் தினமும் பார்ப்பவன் அவன்.
கரை நடந்துபோனதைக் கேள்விப்பட்டவள் நான்.

கிரீனா வேகமாக வரைந்தாள்:
மிதக்கும் வீடுகள், மிதக்கும் மாட்டுத்தொழுவம்,
காற்றாலைக்குக் கீழே மிதக்கும் கால்பந்துத் திடல்.
அவள் படுக்கையறை இன்றைக்கே
கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே.
அணைமேல் ஆடுகள் மேய்கின்றன,
அவள் தூங்குகிறாள்.
நான் சாக்சவுல் காடு வரைந்தேன்,
துருப்பிடித்த கப்பல்களைச் சுற்றி,
அடர்த்தியாக, பொய்யாக.
போன நவம்பரில் எங்கள் வகுப்பு நட்டது நூற்றுப்பத்து.
பிழைத்தவை பதினேழு.
அதில் ஒன்றை ஒட்டகம் தின்றது.
தாளில் நான் ஒட்டகத்தைப் போடவில்லை.

அவன் பகுதி மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.
"ஏதாவது போடேன்" என்றாள் கிரீனா.
"எங்கள் பொறியாளர்கள்..." என்று ஆரம்பித்தாள்.
"வந்தார்கள்" என்றான்.
"அளந்தார்கள். நல்லவர்கள்.
எங்கள் மீன்குழம்பு அவர்களுக்குப் பிடித்திருந்தது."
அதற்குமேல் அவள் ரொட்டியைக் கடிக்கவில்லை.

ஒரு மாதம் அப்படியே போயிற்று.
ஒருமுறை எனக்கு மின்சாரமில்லை.
ஒருமுறை அவன் வரவில்லை:
ஓதம் ஏறி, பபாய்க் குழியில் உப்புநீர் இறங்கி,
வீடே கிழங்கு தோண்டப் போயிருந்தது,
அழுகுவதற்குள்.

பிறகு ஒரு புதன்கிழமை,
எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேளாமல்:
"கடல் போன பிறகு எது மிஞ்சியது?
கப்பலைச் சொல்லாதே. கப்பலைப் படத்தில் பார்த்துவிட்டேன்."

யோசித்தேன்.
எங்கள் பேருந்தில் நான்காவது நிறுத்தத்தின் பெயர் துறைமுகம்.
அங்கே இருப்பது ஒரு டயர் கடை.
ஓட்டுநர் ஒராஸ்பாய் தினமும் கத்துகிறார்:
துறைமுகம்! துறைமுகம் இறங்கு!
என் தம்பி இறங்குகிறான்.
அவன் கடலைப் பார்த்ததில்லை;
நானும்தான்.
யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

இரண்டு நொடி. நான்கு.
இணைப்பு அறுந்ததோ என்று பார்த்தேன்.
வெள்ளையில் ஒரு கோடு நகர்ந்தது. சாலை.
சாலையோரம் கம்பம், கம்பத்தில் பலகை,
பலகையில் அவன் கிராமத்தின் பெயர்.
எந்த நாடு என்று எழுதவில்லை.
பின்னால் ஒரு குன்று வரைந்தான்.
அவன் ஊரில் குன்று கிடையாது,
எனவே அது கொஞ்சம்
கவிழ்த்துவைத்த படகுபோல இருந்தது.

கிரீனா ஒன்றும் பேசாமல்
மிதக்கும் திடலை அழிக்கத் தொடங்கினாள்.
"இருக்கட்டும். பேருந்து அந்த வழியாகவும் போகும்" என்றான்.
பலகைக்குக் கீழே அவள் ஒரு பெஞ்சு போட்டாள்.
நான் சாலையை இழுத்துவந்து
என் காட்டுக்குள் விட்டேன்.
இம்முறை ஒட்டகமும் உண்டு,
நடுச்சாலையில், வழிவிடாமல்.

இருபதுக்குப் பதினொன்று.
திசைக்குறி இல்லை, அளவுகோல் இல்லை.
"மூன்று ஊர்கள் கேட்டிருந்தேன்,
ஒன்றுதான் இருக்கிறது" என்று
சிவப்பில் எழுதியிருந்தார்.

இன்று மாலை ஒராஸ்பாய் கத்தினார்.
என் நிறுத்தம் அதுவல்ல.
இறங்கினேன்.
என்ன வேண்டும் என்றார் டயர் கடைக்காரர்.