எடைமேடைக்காரனின் கையெழுத்து

மைனஸ் முப்பத்திரண்டு.
உலான்பாத்தரின் நடுச் சதுக்கத்தில்
பேனாக்கள் எழுதவில்லை.

சொலோங்கோ என்று கோட்டில் பெயர் குத்தியிருந்த பெண்
கோழி அடைகாப்பதுபோல
இரண்டு அக்குளிலும் பேனாக்களை வைத்திருந்தாள்.
ஒன்று உறைந்தால் இன்னொன்றை நீட்டுவாள்.
நாலு பேர் எழுதுவதற்குள் அதுவும் செத்துவிடும்.

எனக்கு முன்னால் ஒரு கணக்கு டீச்சர்.
அவளுக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள்.
உப்புப் போட்ட பால் தேநீர்
பிளாஸ்க் மூடியில் கைமாறி வந்துகொண்டிருந்தது.
முழக்கமெல்லாம் காலையோடு சரி.
வாயைத் திறந்தால் பல் கூசுகிற குளிர்.

"சட்டம் போட்டால் திருடன் செத்துவிடுவானா?"
டிரைவர்களில் ஒருவன் கேட்டான், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
"சாகமாட்டான்" என்றாள் டீச்சர்.
"இளைப்பான்."

நான் தெற்கே, கோபியில்,
எல்லைக்கு நிலக்கரி போகும் சாலையில்
எடைமேடை எழுத்தன்.
பதினோரு வருடம்.
லாரி ஏறும். முள் தொண்ணூறில் நின்று துடிக்கும்.
அறுபது என்று எழுதுவேன்.
கீழே கையெழுத்து.
மீதி முப்பது டன்
எந்தக் காகிதத்திலும் ஏறாமல்
புழுதியோடு புழுதியாக எல்லை தாண்டும்.

மாதக் கடைசியில் ஓர் உறை வரும்.
கனமில்லாத உறை.
அதை மட்டும் நான் எடைபோட்டதில்லை.

முதல் வருடம் கை நடுங்கியது.
அப்புறம் கையெழுத்தே சுருங்கி
ஒரு கொக்கி, ஒரு வால் என்றாகிவிட்டது.
மகளின் மதிப்பெண் அட்டையிலும்
அதே கொக்கி, அதே வால்.
"அப்பா, இது பெயர் மாதிரியே இல்லை."

இந்தக் குளிர்காலம்
அவள் வகுப்பில் கணப்பு எரியவில்லை.
கரி வாங்கப் பணம் ஒதுக்கவில்லையாம்.
கரி பூமியில்
கரி இல்லையாம்.
கையுறையோடு பெருக்கல் போட்டது பிள்ளை.
அன்றிரவு நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய்.
நன்றாகத்தான் தூங்கினேன்.
மறுநாள் முதல் லாரி மேடை ஏறியபோதுதான்
அந்த முப்பது டன்னை
வகுப்பறைகளால் வகுத்துப் பார்த்தேன்.
வகுத்திருக்கக் கூடாது.

ஒன்பது மணிநேரப் பேருந்து.

"படித்துவிட்டுப் போடுங்கள்" என்றாள் சொலோங்கோ.
ஏழு பக்கக் கோரிக்கை.
அதிகாரிகளின் சொத்து ஊரறிய வேண்டும்.
உண்மை சொல்ல வந்தவரைச் சட்டம் காக்க வேண்டும்.
திருட்டு எத்தனை பழசானாலும்
வழக்கு காலாவதியாகக் கூடாது.
பொய்க்கணக்கு எழுதச் சொன்ன வாய்க்கும்
எழுதிய கைக்கும்
ஒரே தண்டனை.

அந்த வரியில் நின்றுவிட்டேன்.
பின்னால் யாரோ செருமினார்கள்.
"ஏதாவது புரியவில்லையா?"
புரிந்தது. நன்றாகவே புரிந்தது.
நாலாம் பக்கத்தில் காக்கப்படுகிறவன் நான்.
ஆறாம் பக்கத்தில் பிடிபடுகிறவனும் நான்.
இரண்டுக்கும் நடுவே
ஐந்தாம் பக்கத்தை
இன்னொரு முறை படிப்பதுபோல் பாவனை செய்தேன்.

அக்குளிலிருந்து பேனாவை எடுத்துத் தந்தாள்.
அவள் உடம்பின் சூடு அதில் இருந்தது.

விரல் பழக்கத்தில் கொக்கி வரப் பார்த்தது.
நிறுத்தினேன்.
தந்தை பெயர், என் பெயர்,
ஒன்றாம் வகுப்பில் எழுதியதுபோல
ஒவ்வோர் எழுத்தாக.
பாதியில் மை உறைந்தது.
அவள் குனிந்து முனையில் ஊதினாள்.
சீட்டு வாங்கிக்கொண்டு விலகிய டீச்சரும்
திரும்பி வந்து ஊதினாள்.
நானும் ஊதினேன்.
மூன்று பேர் மூச்சில்
மிச்சப் பெயர் வந்தது.

தொழில் என்ற கட்டத்தில்
எடைமேடையின் எண்ணையும் சேர்த்து எழுதினேன்.
அதை யாரும் கேட்கவில்லை.

துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தாள்:
4,117.
பழக்கதோஷம்,
டீச்சர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தேன்.
4,116.
கணக்கு சரியாக இருந்தது.