அவள் நிற்குமிடம்

தரையில் ஒட்டிய நீல நாடாச் சிலுவையில்
அவளுக்கு முன்னால் நான் நிற்பேன்.
என் நெற்றியில் விளக்குகளைத் திருப்பி அளவெடுப்பார்கள்.
வெளிச்சம் சரியானதும் நான் விலகுவேன்,
அவள் வருவாள்.
பத்தொன்பது வருஷமாக இதுதான் உத்தியோகம்:
ஒடார்கா ஹ்னாட்டிவின் உயரத்துக்கு
ஓர் ஆளாக இருப்பது.

அந்தப் பெயர் சுவரொட்டியில் அடங்காதென்று
எழுபத்தெட்டிலேயே ஏஜென்ட் வெட்டிவிட்டார்.
திரையில் அவள் டாரா நைட்.
வருமானவரிப் படிவத்தில் மட்டும்
வருஷத்துக்கு ஒருமுறை
முழுப்பெயரும் எழுந்து உட்காரும்.

சஸ்காட்செவன், யார்க்டனுக்கு வடக்கே
கோதுமைக் கோபுரத்தில் எடைபோட்டவரின் மகள்.
முதல் படத்தில் பிணம்.
ஒன்டாரியோ ஏரிக்கரை, நவம்பர் மாதம்,
வாயில் மணல்; இமை அசையக்கூடாது.
"நன்றாகச் செத்தாய்" என்றாராம் இயக்குநர்.
பிற்பாடு பத்திரிகைகள் எழுதிய எதையும்விட
அதைத்தான் அவள் நம்பினாள்.

பிறகு நர்ஸ்.
பிறகு நர்ஸின் அக்கா.
பிறகு, மூன்று காட்சியில் வரும் நியூயார்க் வக்கீல்.
டொராண்டோ தெருவில் மஞ்சள் டாக்ஸிகள் வந்து நிற்கும்,
சிவப்புத் தபால்பெட்டிமேல் சாக்கைப் போர்த்துவார்கள்.
போர்த்தி முடிக்கும்வரை கையுறையைக் கடித்துக்கொண்டு நின்று
போர்த்தியதும் அமெரிக்கப் பெண்ணாகிவிடுவாள்.

ஒரே ஒரு சொல்தான் காலை வாரும்.
'சாரி.'
அவள் ஊரில் அது 'சோரி',
சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி
உதடு குவித்துச் சொல்வது.
பல்லிடுக்கில் கார்க்கை வைத்துப் பழக்கினார்கள்.
ஆறே வாரம்.
அதற்குப்பின் வீட்டில் கணவனிடம் கேட்ட மன்னிப்பும்
எல்லைக்கு அந்தப்பக்கத்து மன்னிப்புதான்.
(அவன் போனதற்குக் காரணம் அதுவல்ல.)

நான் வந்து சேர்ந்தது தொடருக்கு.
பதினோரு பருவம், பிணப்பரிசோதனை டாக்டர்.
ஹாமில்டன் கடையொன்றில்
உறைந்த பட்டாணிப் பையோடு ஒருவர் வழிமறித்து
தன் தம்பி செத்த விதத்தைச் சொல்லத் தொடங்கினார்.
கூடையைக் கீழே வைத்துவிட்டு
முழுக்கக் கேட்டாள்.
பட்டாணி உருகிச் சொட்டியது.
"வலித்திருக்காது" என்றாள்.
யாரும் எழுதித் தராத வசனம்.
காரில் ஏறியபின் என்னிடம்,
"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

தொடரை நிறுத்தியதைத் தொலைபேசியில் சொன்னார்கள்.
பிணவறை எஃகுமேசையை
ஏலத்தில் நாற்பது டாலருக்கு எடுத்தாள்.
கிறிஸ்துமஸுக்கு அதில்தான்
பெரோகி மாவு தேய்க்கிறோம்.
ஒட்டவே ஒட்டாது.

அறுபத்தாறு வயதில் அந்தப் படம் வந்தது:
யார்க்டன் பக்கத்து விவசாயக் கிழவி.
உச்சரிப்பு சொல்லித்தர
லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு பையன், பெயர் பிரெண்டன்,
காதில் கருவியோடு வந்திருந்தான்.
"உதட்டைக் குவியுங்கள் மேடம். சோரி."
"சாரி."
"சோரி."
"சாரி."
பதினான்கு முறை.
மரப்பலகையில் வண்ணம் பூசி நிறுத்திய
தானியக் கோபுரத்தின் நிழல்
அவள் தோளில் ஏறியது, இறங்கியது.
பையன் பொறுமைசாலி. அதுதான் தாங்கமுடியவில்லை.
டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

ஒலிக்கருவிகளை அணைத்துவிட்டு
அடுத்த காட்சிக்கு விளக்கைத் திருப்பினார்கள்.
நான் போய்ச் சிலுவையில் நின்றேன்.
இருட்டிலிருந்து வசனத்தாளைப் படித்தபடியே வந்தவள்
கனத்த பண்ணை பூட்ஸால்
என் காலை நன்றாக மிதித்துவிட்டு,
"சோரி" என்றாள்.

அவள் கவனிக்கவில்லை.
பையன் எங்கோ காப்பி வாங்கப் போயிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
விலகி நின்றேன்.
சுண்டுவிரல் வீங்கத் தொடங்கியிருந்தது.
வெளிச்சம் சரியாக இருந்தது.