ஜூன் மாத இழுப்பறை

வல்தீவியாவில் மழை பெய்கிறது என்று
யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வோம்.

வாரம் முழுக்க மருந்துக்கடையில்
மாத்திரை எண்ணித் தரும் கை இது.
சனிக்கிழமையானால் தகரக் கொட்டகைக்குள்
செந்நிற ராவுலிப் பலகையை இறுக்கிக் கட்டி
இழைப்புளி பிடிக்கும்.
யாரும் செய்யச் சொல்லவில்லை.
யாரும் காசு தரப்போவதுமில்லை.
வீட்டுக்கு ஒரு மேசை வேண்டும்,
கடையில் விற்கிற மேசைக்கு
என் முழங்காலின் உயரம் தெரியாது, அவ்வளவுதான்.

முதல் கால் கோணல்.
இரண்டாவது குட்டை.
மூன்றாவதில் துளை போட்டு முடித்து
சீவலை ஊதித் தள்ளிய பிறகுதான் தெரிந்தது,
போட்டிருக்க வேண்டியது மறுபக்கத்தில் என்று.
எல்லாம் அடுப்புக்குள் போயின.
அந்த வருடம் ஆகஸ்டு முடியும்வரை
என் தவறுகள்தான் வீட்டைச் சூடாக வைத்திருந்தன.

இழுப்பறையைக் கடைசியில் செய்தேன்,
அடுத்த பிப்ரவரியில்,
வெயிலில் தகரம் படபடவென்று முறியும் நாட்களில்.
மூலைக்கு நான்கு புறாவால் பொருத்து.
உளியால் கொஞ்சம், வைத்துப் பார்த்து,
இன்னும் கொஞ்சம்.
ஆணி ஒன்றுகூட இல்லை.
தள்ளியதும் உள்ளிருந்த காற்றை
மெதுவாக வெளியே அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தது.
ஒரு தாள் நுழைய இடமில்லை.
அந்தச் சத்தத்துக்காகவே இருபது தடவை
திறந்தேன், மூடினேன்.
நாய் சலித்து எழுந்து போய்விட்டது.

மே மாதம் பத்திரம் வந்தது.
நான் குடியிருக்கும் இந்த வீட்டை விற்க
அண்ணன் நிபால்தோ கையெழுத்துப் போட்டாயிற்று.
என் பெயருக்கு எதிரே வெறும் கோடு.
யோசிக்கலாம் என்று இழுப்பறையில் வைத்தேன்.

ஜூன் பிறந்தது.
மரம் குடித்தது.

இழுத்தேன்.
இரண்டு கையாலும் இழுத்தேன்.
மேசையே என்னோடு நடந்து வந்தது.

அவன் இருப்பது அந்தோஃபகாஸ்தாவில்.
பாலைவனத்து ஊர். குடை விற்றால் பட்டினிதான்.
"மரம் வீங்குமா, ஓதிலியா?
பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா?"
அளவெல்லாம் சரிதான், என்றேன் தொலைபேசியில்,
கோடையில் எடுத்தது.

ஜூலையில் ஆளே வந்து நின்றான்.
மெல்லிய சட்டை, ஊறிப்போன ஷூ.
வந்த வேகத்தில் குமிழைப் பிடித்து இழுத்தான்.
குமிழ் கையோடு வந்தது.
சமையல் கத்தியின் நுனியைச் செருகிப் பார்த்தான்,
வெண்ணெய் தடவிப் பார்த்தான்,
கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தான்.
பிறகு மேசைக்கடியில் மல்லாந்து படுத்து
டார்ச் அடித்தான்.
நெடுநேரம் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.
"இதில் ஆணியே இல்லையே" என்றது
அடியிலிருந்து ஒரு குரல்,
சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்தபோது இருந்த குரல்.

மூன்று நாள் இருந்தான்.
மீன் சந்தையில் கடற்சிங்கங்கள் அவனைப் பார்த்துக் குரைத்தன.
வீட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
போகும்போது குமிழைக்
கோட்டுப் பையிலேயே கொண்டுபோய்விட்டான்.
தெரிந்தா, மறந்தா,
நான் கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள்
குமிழ் இருந்த துளையில் சும்மா விரலை விட்டேன்.
வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல.
பத்திரம் மடிப்புக் கலையாமல்
ராவுலி வாசனையோடு கிடந்தது.
அதில் போட்டிருந்த கெடு
செப்டம்பரோடு முடிந்திருந்தது.

புதுப் பத்திரம் வந்திருக்கிறது.
இது ஏப்ரல்.

எனக்குத் தெரியும்,
மேல் விளிம்பில் அரை மில்லிமீட்டர் சீவினால் போதும்.
பத்து நிமிட வேலை.
இழைப்புளியும் நேற்றுத்தான் தீட்டினேன்.
இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு
ஜன்னல் வழியே பார்க்கிறேன்.
மேற்கே கொஞ்சம் கறுத்திருக்கிறது.