மார்க் கிடையாது

தங்கசாலைத் தெரு மாடியறையில்
கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு
என் பிஸ்கட் டப்பாவைக் கிளறுகிறான் ஜுக்ராஜ்.
இருபத்தாறு வருடம்
என் பேட்டாவில் ஈடுகட்டிவிட்டு
29சி பையிலிருந்து நான் ஒதுக்கியவை:
சிங்கம் விளிம்புக்கு வழுக்கிய ஒரு ரூபாய்,
பாதி அச்சோடு தப்பி வந்த எட்டணா.

"அனுப்பினா, எழுபதுக்கு இத்தனைன்னு மார்க் போட்டு
பிளாஸ்டிக்ல சீல் வெச்சுத் தருவான்.
காசுக்கு ஆயிரத்தைந்நூறு."
ஒரு ரூபாய்க்கா?
"நம்பர் இருந்தாத்தான் சார் விலை."

நாலை நகர்த்தி வைத்தான்.
ஒன்றைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
"அடிவாங்கினது. மார்க்கே கிடையாது."

கம்பியில் அதைத்தான் தட்டுவேன்.
ஒன்று என்றால் நிறுத்தம்,
இரண்டு என்றால் போகலாம்.
அடைமழையில், அடையாறு நெரிசலில்,
விசில் தொலைந்த நாளில்கூட
ஆரோக்கியத்துக்குக் கேட்டுவிடும்.

நாலுக்கு ஆறாயிரம்.
யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை.
டப்பா கக்கத்தில்,
அது மட்டும் சட்டைப் பையில்.
கைக்கெட்டும் தூரத்தில் கம்பி.

தட்டவில்லை.
வண்டி நின்றுவிடும்.